ஜாகை, சாப்பாடு, சங்கீதம்

போன கார்த்திகையில் கும்பகோணத்திலிருந்து ஒரு பழைய சிநேகிதர் போன் செய்தார். என்னைப் போலவே ரிடையர் ஆனவர். "மார்கழியில் பத்து நாள் மெட்ராஸில் தங்கிக் கச்சேரி கேட்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அகாடமிக்கு நடந்து போகிற தூரத்தில் கட்டுப்படியாகிற வாடகைக்கு ஒரு ரூம் பார்த்துச் சொல்லுங்களேன். நீங்கதான் கோபாலபுரத்துக்காரராச்சே" என்றார்.

இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். மூன்று நாள் அலைந்தேன். நல்ல ஹோட்டல்களில் பத்து நாள் வாடகையைக் கூட்டினால் அவருடைய ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டியது. வாடகை குறைந்த லாட்ஜ்களிலோ மூன்று மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. அவருக்கு மூட்டு வலி. உள்ளதை உள்ளபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை ஸார், யூட்யூபில் கேட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த "பரவாயில்லை" எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இதே கோபாலபுரத்தில், என் சிறுவயதில், மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேர் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். யாரும் வாடகை கொடுத்ததில்லை. இந்த ஊரில் சங்கீதம் கேட்க வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். யோசித்ததில் ஒன்று புரிந்தது. யாருக்குத் தலையணையும் சாப்பாடும் கிடைத்ததோ, அவர்களுக்குத்தான் சங்கீதமும் கிடைத்தது. இது இன்றைய கதை மட்டும் அல்ல.

முதலில் ஒரு விஷயம். சென்னை மாநகரம் எத்தனை பெரிதானாலும், சங்கீதச் சென்னை ஒரு சின்னக் கடலோர ஊர்தான். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயப்பேட்டை, கோபாலபுரம், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர். அவ்வளவுதான் அதன் எல்லை. சாயங்காலம் கடற்காற்று வந்து சேர்கிற தூரம். டிசம்பரில் ஒரு சபையில் பார்த்த முகத்தை மறுநாள் இன்னொரு சபையின் காண்டீனில் பார்க்கலாம். அதனால் ஊர் என்றே சொல்கிறேன்.

இந்த ஊரின் விருந்தோம்பலுக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கு மேல். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூர் வந்து பூம்பாவையை எழுப்பிய பதிகம் நமக்கெல்லாம் தெரியும். அதைப் பக்தியோடு ஒருமுறை படித்துவிட்டு, ஊர் வர்ணனையாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஓணம், கார்த்திகை, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒரு வருஷத்துத் திருவிழாப் பட்டியலே அதில் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா என்று இறந்த பெண்ணைக் கேட்கிறார். அந்தக் கேள்வியில் அவர் முதலில் வைப்பது அடியார்களுக்கு அமுது படைப்பதைத்தான். சாப்பாட்டுக்குப் பிறகே விழாக்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அழைத்து வந்து உபசரித்தவர் சிவநேசர் என்ற வணிகர். ஆக ஜாகை, சாப்பாடு, பாட்டு மூன்றும் அன்றைக்கே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. அந்தக் கடலோரக் கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் மறைந்து, இன்றைய இடத்தில் புதிதாக எழும்பியது. அறுபத்துமூவர் அன்று மட்டும் பழைய வழக்கம் அப்படியே திரும்பி வந்துவிடும். மாட வீதிகளில் நீர்மோர், பானகம், புளியோதரை, பின்னாலேயே நாகஸ்வரம். யாரிடமும் எந்த ஊர் என்று கேட்காமல் இலையில் வைத்துக் கொடுப்பார்கள்.

பின்னால் வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய பிறகு, சங்கீதம் வடசென்னையில் வந்து இறங்கியது. அதுவும் யாரோ ஜாகை கொடுத்ததால்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து மணலியில் வைத்துக்கொண்டார். அங்கே இருந்தபோதுதான் தீட்சிதர் பிள்ளைகள் கோட்டையில் வாசித்த ஐரோப்பிய பாண்டு இசையைக் கேட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள் அதிலிருந்து பிறந்தவை. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றதும் அங்கேதான். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஒரு முதலியார் வீட்டில் கிடைத்த ஜாகை இத்தனை தூரம் வந்திருக்கிறது.

தியாகராஜ சுவாமிகளும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கோவூர் சுந்தரேச முதலியார் அவரை உபசரித்தார். ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில் அவர் வீட்டில் தங்கினார் என்பார்கள். கோவூர் பஞ்சரத்னமும் திருவொற்றியூர் பஞ்சரத்னமும் அந்தப் பயணத்தின் ஞாபகங்கள். அரசன் கூப்பிட்டும் போகாதவர், ஒரு ரசிகரின் வீட்டில் தங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காலத்தில் கேட்பதற்கென்று தனிக் கட்டடம் கிடையாது. கோயில், கல்யாணப் பந்தல், பெரிய மனிதர் வீட்டுக் கூடம், அவ்வளவுதான். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தன் வீட்டில் வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்து கேட்பார்களாம். வசதி குறைந்த கடைசிக் காலத்திலும் அந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தை அவர் விடவில்லை. 1938 அக்டோபரில் அவர் காலமானார்.

இதற்கிடையில் டிக்கெட் வாங்கிக் கேட்கிற சபைகள் வந்துவிட்டன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி ஸ்வாமி சபா 1900 வாக்கில் தொடங்கியது. அர்மீனியன் தெருவில் 1915இல் கட்டிய கோகலே ஹாலில் அரசியல் கூட்டமும் நடக்கும், கச்சேரியும் நடக்கும். பிறகு 1927 டிசம்பர். சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஒரு அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்ட் 18ஆம் தேதி எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. ஹாலில் மியூசிக் அகாடமியைச் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் தொடங்கி வைத்தார். பல வருஷம் பந்தல்களிலும் இரவல் கூடங்களிலும் நடத்திவிட்டு, 1955இல் நேரு அடிக்கல் நாட்டிய கட்டடம் 1962இல் திறக்கப்பட்டது. அதுதான் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருப்பது.

ஏன் டிசம்பர்? சபைகளை நடத்தியவர்களில் பலர் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட்டும் ஆபீசும் லீவு. வெயிலும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கும் அப்போதுதான் லீவு. மார்கழிக்கு ஏற்கனவே திருப்பாவையும் பஜனையும் இருந்தது வசதியாகப் போயிற்று. மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் விடியற்காலையில் பாடிக்கொண்டு வருவார். அதற்கு டிக்கெட் கிடையாது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் முதல் வரிசை. அவர் 1973இல் மறைந்தும் அந்த பஜனை நிற்கவில்லை.

இப்போது ஜாகைக்கு வருகிறேன். ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு முதலில் சத்திரம். சென்ட்ரல் எதிரே சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரத்தைப் பழைய ஆட்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். சத்திரங்களில் பொதுவாக மூன்று நாள் கணக்கு. கோர்ட்டு வேலை, வைத்தியம், கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்குவது, இதற்கெல்லாம் மூன்று நாள் போதும். பதினைந்து நாள் சங்கீதத்துக்குப் போதாது.

அடுத்தது திருவல்லிக்கேணி மேன்ஷன். கட்டிலுக்கு இவ்வளவு என்று மாத வாடகை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பிரம்மச்சாரிகளின் கோட்டை. அறையில் ஒருவர் ஊருக்குப் போனால் அந்தக் கட்டிலில் இன்னொருவரின் சித்தப்பா படுத்துக்கொள்வார். காலையில் ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கின இட்லி, ராத்திரி மொட்டை மாடியில் கடற்காற்று. ஆனால் மேன்ஷனில் பெண்களுக்கு இடமில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வசதி உள்ளவர்களுக்கு உட்லண்ட்ஸ். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, ஹோட்டல் சமையலறையில் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய கே. கிருஷ்ணா ராவ், 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பிறகு எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ். சைவச் சாப்பாடும் சுத்தமான அறையும் ஒரே இடத்தில் கிடைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அகாடமியும் பக்கம். டிசம்பரில் அந்த வாசலில் டாக்ஸியிலிருந்து உறை போட்ட தம்பூரா இறங்குவதை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

மற்ற எல்லாருக்கும் உறவினர் வீடு. எங்கள் வீடு அந்த வகை. அவ்வை சண்முகம் சாலை லாயிட்ஸ் ரோடாக இருந்த காலம். முன்னால் சின்னத் தோட்டம், பிறகு திண்ணை, கூடம், இரண்டு அறைகள், பின்னால் கிணறு. அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். மார்கழி முதல் வாரத்தில் பெரியப்பா எழும்பூரில் ராத்திரி வண்டியிலிருந்து வந்து இறங்குவார். தோளில் ஒரு துணிப்பை, கையில் வெற்றிலைச் செல்லம், தகர டப்பா நிறைய அம்மாவுக்கென்று சீடை. அவரோடு கூடவே அவர் ஊர் ரசிகர்கள் இரண்டு பேர். அடுத்த நாள் அம்மாவின் அண்ணா. அதற்கு மறுநாள் உறவு என்னவென்று யாருக்குமே சரியாகத் தெரியாத ஒரு மாமா. அவர் ஒன்பது வருஷம் தொடர்ந்து வந்தார்.

காலையில் காபி சாப்பிட்டுவிட்டு அகாடமியில் நடக்கிற ராக ஆராய்ச்சிச் சொற்பொழிவுக்குப் போவார்கள். அதற்குக் காசு இல்லை. பதினொரு மணிக்கு வந்து சாப்பாடு. மத்தியானக் கச்சேரி பல சபைகளில் இலவசம். இளம் வித்வான்களுக்கு அதுதான் சந்தர்ப்பம். சாயங்காலம் ஒரு பெரிய கச்சேரிக்கு மட்டும் டிக்கெட். கையில் ஐம்பது ரூபாய் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் ராஜா மாதிரி கேட்டுவிட்டுப் போவார் பெரியப்பா. ராத்திரி கூடத்தில் விளக்கை அணைத்த பிறகும் சண்டை நடக்கும். அரியக்குடி பாடினதில் தோடியா, காம்போதியா எது உசத்தி என்று. எனக்குக் கிடைத்த சங்கீத ஞானமெல்லாம் அந்த இருட்டில் கிடைத்தது.

வெளிச் சாப்பாடு பற்றியும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் ராயர் கபே, கற்பகாம்பாள் மெஸ். கச்சேரி ரோடு பக்கம் டிபன் சாப்பிடப் போனால், கச்சேரி கேட்க வருகிறவர்களுக்காகவே ரோட்டுக்கு அந்தப் பெயர் வைத்ததாகப் பெரியப்பாவின் சிநேகிதர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். அது சர்க்கார் கச்சேரி, அதாவது ஆபீஸ், என்று அப்பா சொன்னபோது அவருக்கு ஏமாற்றம். 1962இல் கதீட்ரல் ரோட்டில் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. கார் ஜன்னலில் தட்டை மாட்டி தோசை வைப்பார்கள். எங்களுக்குக் கார் ஏது? உள்ளே ஹாலில் உட்கார்ந்து ஒரு காபியை ஒரு மணி நேரம் குடிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். கச்சேரிக்குப் போகும் முன்னும் பின்னும் எத்தனை பேருக்கு அது இரண்டாவது கூடமாக இருந்தது!

இதுவரை எழுதியதைப் படித்தால் பொற்காலம் போலத் தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டு ஞாபகங்கள் இடிக்கின்றன. அவற்றையும் எழுதாவிட்டால் இது பாதிக் கணக்கு.

ஒன்று. எனக்குப் பத்து வயது இருக்கும். பெரியப்பாவிடமிருந்து ஒரு கடிதத்தோடு அவர் ஊர்க் கோயில் நாகஸ்வர வித்வான் வந்தார். சென்னையில் ஒரு கல்யாணத்தில் வாசிக்க வந்தவர், ஒரு ராத்திரி தங்க இடம் வேண்டும். அந்த வித்வானின் வாசிப்பைப் பெரியப்பா கோபுர வாசலில் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் நின்று கேட்பார். எங்கள் வீட்டில் பாட்டி அவருக்குப் பின்கட்டில், கிணற்றடிப் பக்கம் இலை போட்டாள். நாங்கள் உள்ளே சாப்பிட்டோம். ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டார். கூடம் காலியாகத்தான் இருந்தது. அப்பா வாய் திறக்கவில்லை. விடியற்காலையில் நான் எழுந்தபோது பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அவர் போய்விட்டிருந்தார். காபிக்குக்கூட நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்பது 1941இல்தான் பெரியாரின் பிரசாரத்தால் போயிற்று. ஹோட்டலில் சாதி பார்த்து ஒருவரை உள்ளே விடாமல் இருப்பதைக் குற்றமாக்கிய தீண்டாமைச் சட்டம் 1955இல் வந்தது. அதற்குப் பிறகும் 'பிராமணாள்' போர்டுகள் தொங்கின. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கோபமாகப் பேசியதாக அப்பா பின்னாளில் சொன்னார். போர்டுக்காக இவ்வளவு ரகளையா என்று கேட்டார்களாம். அந்த நாகஸ்வரக்காரர் வந்து போனது அதற்குச் சில வருஷம் கழித்து. எங்கள் வீட்டு வாசலில் போர்டு எதுவும் தொங்கவில்லை. தொங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை என்று இப்போது புரிகிறது.

மேடையிலும் இதே கதைதான். நாகஸ்வரம் நின்று வாசிக்க வேண்டியது என்றிருந்ததை மாற்றிச் சரியாசனம் கேட்டு வாங்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956 டிசம்பர் 12ஆம் தேதி காலமானார். அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு நாகஸ்வர வித்வானுக்கு, திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு, கிடைத்ததும் அதே 1956இல்தான். தமிழில் பாடு என்று கேட்கவே 1943இல் தமிழ் இசைச் சங்கம் என்று தனியாக ஒன்று தொடங்க வேண்டியிருந்தது. ஆக, ராகத்துக்குச் சாதி இல்லை என்று கச்சேரியில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இலையை எங்கே போடுவது என்று யோசித்தவர்கள் நாங்கள்.

இரண்டாவது ஞாபகம் அம்மா. அகாடமிக்குப் பத்து நிமிஷ நடையில் குடியிருந்த என் அம்மா, மார்கழியில் கச்சேரி கேட்டதே இல்லை. எப்படிக் கேட்பாள்? காலை நான்கு மணிக்கு எழுந்து எட்டுப் பேருக்குக் காபி, பதினொரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு டிபன், ராத்திரி பத்து மணிக்குக் கச்சேரி முடிந்து வருகிறவர்களுக்கு மறுபடி சாதம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஏழு வருஷம் பாட்டுக் கற்றவள். பெரியம்மாவும் அப்படித்தான். அவள் கும்பகோணத்தில் மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கூடம் முழுக்க ஆண்கள் படுத்திருக்கிற வீட்டில் அவள் வந்து தங்க இடமும் இல்லை. மேன்ஷனில் மட்டும்தான் பெண்களுக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அகாடமியில் சங்கீத கலாநிதி. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. அந்த வருஷம் பெரியம்மா, யாரிடமும் கேட்காமல், பெரியப்பாவோடு வண்டி ஏறி வந்துவிட்டாள். எம்.எஸ். கச்சேரி அன்று காலை சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இன்னிக்கு ராத்திரி இந்த வீட்டிலே அடுப்பு மூட்டப் போறதில்லை. எல்லாரும் வெளியிலே சாப்பிட்டுக்கோங்கோ. உங்க ரெண்டு பேர் டிக்கெட்டையும் இங்கே கொடுங்கோ" என்றாள். பெரியப்பாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபேச்சில்லாமல் டிக்கெட் கைமாறியது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தெருமுனை திரும்பிப் போனது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நாங்கள் ஏழெட்டு ஆண்பிள்ளைகள் டிரைவ்-இன்னில் உட்கார்ந்து பூரி கிழங்கு சாப்பிட்டோம். பெரியப்பா சரியாகவே சாப்பிடவில்லை. "இந்நேரம் ராகம் ஆரம்பிச்சிருப்பா" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரி வந்ததும் என்ன பாடினார்கள் என்று துளைத்தெடுத்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். பெரியம்மாதான், "கேட்டோம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை நான்கு மணிக்கு அம்மா வழக்கம் போல எழுந்து அடுப்பை மூட்டினாள்.

பிறகு எல்லாம் வேகமாக மாறிவிட்டது. பெரியப்பா போனார். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீடு இடிந்து அடுக்குமாடியாயிற்று. எனக்கு அதில் இரண்டு படுக்கையறை. எங்கள் தெருவிலும் பக்கத்து கான்ரன் ஸ்மித் ரோட்டிலும் திண்ணை உள்ள வீட்டைத் தேட வேண்டும். டிரைவ்-இன் 2008இல் மூடி, 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. காபிதான் இல்லை. மூன்றில் நன்றாக வளர்ந்தது சாப்பாடு மட்டும். சபா காண்டீன்களில் அறுசுவை அரசு நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர் போன்றவர்கள் பெயர் வித்வான்கள் பெயருக்குச் சமமாக அடிபட்டது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் காண்டீனுக்கு மட்டும் வருகிறவர்கள் ஏராளம். அங்கே யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். பாட்டி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது, ஆனால் அடை அவியலைக் குறை சொல்லியிருக்க மாட்டாள்.

கேட்கிற இடமும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. 2015இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவில், கோயில் பக்கத்தில் மேடை போட்டு டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஒரு விழா தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். மணலில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். சம்பந்தர் பாடிய கடலாட்டுக்குப் பிறகு சங்கீதம் திரும்பக் கடற்கரைக்குப் போக இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதைக் கேலி செய்தவர்கள் எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டியிலும் உண்டு. நானே முதலில் கேலி செய்தவன்தான்.

ஆனால் ஜாகை மட்டும் அடியோடு போய்விட்டது. இன்று டிசம்பரில் கேட்பவர்கள் யார்? பக்கத்தில் குடியிருக்கிற நாங்கள். பிறகு அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து ஹோட்டலில் அறை எடுக்க வசதியுள்ளவர்கள். அவர்கள் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் துணிப்பையும் வெற்றிலைச் செல்லமுமாக வந்தவர் எங்கே? சங்கீதத்தின் சொந்த ஊரான காவேரிக் கரையில் இருக்கிறவர் யூட்யூபில் கேட்டுக்கொள்கிறார். அன்று சாதியும் சமையலறையும் செய்த வேலையை இன்று அறை வாடகை செய்கிறது.

இந்த வருஷம் ஐப்பசியிலேயே சிநேகிதருக்கு நானே போன் போட்டேன். எங்கள் வீட்டில் பிள்ளை வந்தால் தங்குகிற அறை வருஷத்தில் பதினோரு மாதம் சும்மாக் கிடக்கிறது. அதை ஏன் போன வருஷமே சொல்லவில்லை என்று என் மனைவிதான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேனே தவிர, என் வீட்டுக் கதவு ஞாபகத்துக்கு வரவில்லை. அடுக்குமாடிக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது.

ஆனால் அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஒன்று, காலைக் காபி மட்டும்தான் வீட்டில். மத்தியானமும் ராத்திரியும் காண்டீன், அவளுக்கும் சேர்த்து. இரண்டு, சிநேகிதர் தனியாக வரக் கூடாது, தன் வீட்டம்மாவையும் அழைத்து வர வேண்டும்.

நான்கு டிக்கெட்டாக வாங்கி வைத்துவிட்டேன்.